ரேணுகா அக்கா வீட்டுக் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரனிடம் யாரும் உண்மையைச் சொல்வதில்லை. டாக்டரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக் கூடாது என்று சொல்லிவைத்த பெரியவர்கள் எங்களைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்கள். "ஒண்ணுமே பண்ணலங்க, தானா ஆஃப் ஆயிடிச்சி" என்று கொண்டுவந்து வைப்பார்கள். திறந்து பார்த்தால் டீ கொட்டியிருக்கும், அந்த இனிப்புக்கு எறும்பு குடும்பத்தோடு குடிவந்திருக்கும். ஒருமுறை பல்லி முட்டை இருந்தது. காட்டினால், "அது எப்படிங்க உள்ள போச்சி?" என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள். மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை வைத்த புதிதில் இதற்கெல்லாம் எனக்குக் கோபம் வரும். இப்போது வாயைத் திறக்காமல் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிடுகிறேன்.

ரேணுகா அக்கா அந்த ரகம் இல்லை. அவர் என்னிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. நான் கேட்ட எல்லாக் கேள்விக்கும் நேராகத்தான் பதில் சொன்னார். கேட்க வேண்டிய அந்த ஒரு கேள்வி எனக்கும் தோன்றவில்லை, அவர் மகனுக்கும் தோன்றவில்லை.

அக்காவுக்குப் பிறந்த ஊர் இரும்பை கிராமத்துப் பக்கம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் சவுக்கும் போடுகிற குடும்பம். செம்மண்ணில் நடந்து வளர்ந்த பெண்ணை உப்பளத்துக்காரர் முருகையனுக்குக் கட்டிவைத்தார்கள். வந்த புதிதில் உப்புத் தண்ணீரில் நின்று காலெல்லாம் வெடித்து, ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். பிறகு தோல் பழகிவிட்டது. கையும் அப்படித்தான். கொதிக்கிற டீ கிளாஸைத் துணி இல்லாமல் எடுத்து என் கையில் கொடுப்பார்; நான் "ஆ" என்று அலறிக் கீழே வைப்பேன். "சுடுதா?" என்று கேட்பார். கிண்டல் கிடையாது. அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

முருகையன் அண்ணன் மூன்று வருஷத்துக்கு முன்னால் உப்பளத்திலிருந்து சைக்கிளில் வரும்போது ஈசிஆர் ரோட்டில் கார் அடித்துச் செத்துப்போனார். சாவு வீட்டில் அக்கா அழவில்லை. ஒப்பாரி வைக்க வந்த பொம்பளைகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கட்டினவள் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தால் அவர்கள் யாரைக் கட்டிக்கொண்டு அழுவார்கள்? "நெஞ்சழுத்தக்காரி" என்று பேர் வந்துவிட்டது. காரியம் முடிந்த மறுநாள் அவர் உப்பளத்துக்குப் போனார். அதற்கும் பேசினார்கள். பிறகு ஒருநாள் என் கடைக்கு வந்தபோது, பேச்சோடு பேச்சாக, "அழுவணும்னுதான் இருந்தேன் தம்பி. வரல" என்றார். பஸ் வரவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னார். நான் மவுஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவர்களுக்கு ஒரே மகன், சரத்குமார். பாலிடெக்னிக் முடித்தவன். அப்பா போனதும் அவனுக்கு வெளிநாட்டு வேலை பேசினார்கள். கோட்டக்குப்பத்தில் முருகையன் அண்ணனுக்குத் தெரிந்த பாய் ஒருவர், தன் மச்சான் மூலமாக ரியாத்தில் ஒரு குடோனில் வேலை இருப்பதாகச் சொன்னார். பாஸ்போர்ட்கூட எடுத்தாகிவிட்டது. அப்போதுதான் பையன் அம்மாவிடம் வேறு ஒரு யோசனை சொன்னான். அவன் செல்போனில் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவதில் கெட்டிக்காரன். இப்போது அதற்கே டீம் இருக்கிறது, போட்டி இருக்கிறது, ஜெயிக்கிற டீமை மாசச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ள பெங்களூரில் ஒரு கம்பெனி இருக்கிறது. வீட்டிலிருந்தே ஆடலாம். அதற்கு நல்ல கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும்.

"வாங்கிக் கொடுத்தா இங்கயே இருப்பியா?" என்று அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

"இங்கயேதான்மா."

விபத்துக்கு வந்த நஷ்டஈட்டில் கை வைக்காமல் இருந்தவர், அதை எடுத்துக்கொண்டு மகனோடு என் கடைக்கு வந்தார். நான் அவனை ஏற இறங்கப் பார்த்தேன். அப்பன் செத்த காசில் விளையாட்டுச் சாமான் வாங்க வந்திருக்கிறான் என்று எரிச்சலாக இருந்தது. "பள்ளிக்கூடம் போற வயசா உனக்கு?" என்று கேட்டும்விட்டேன். அக்காதான், "நீ செய்யி ராஜவேலு. அவன் கண்ணு முன்னால இருக்கணும், அது போதும்" என்றார்.

செய்தேன். சும்மா சொல்லக் கூடாது, என் கையால் அதைவிட நல்ல மெஷினை நான் கட்டியதில்லை. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே கலர் கலராக விளக்கு, பெரிய கிராஃபிக்ஸ் கார்டு. ஆடி மாசம் அவர்கள் வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். அன்றைக்குச் சரத்குமார் அவன் அம்மாவுக்கு அதைப் புது வீடு காட்டுகிற மாதிரி காட்டினான். பின்பக்கத் தகட்டைக் கையாலேயே திருகிக் கழற்றி, "இதாம்மா ஹாலு, இங்கதான் எல்லாம் நடக்குது. இது கரண்ட் ரூமு. இது காத்து வர்ற வழி" என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். பழைய மாடல் டிஸ்க் வைப்பதற்கென்று அடியில், பவர் சப்ளைக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பக்கத்திலிருந்து தெரியாத ஒரு சின்னத் தகரக் கூண்டு உண்டு. இப்போது அதற்கு வேலை இல்லை.

"இங்க யாரு?" என்றார் அக்கா.

"யாருமில்ல. காலி ரூமு."

அக்கா அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆவணி, புரட்டாசி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. சரத்குமார் டீமில் ஐந்து பேர். ஒருத்தன் கோயம்புத்தூர், ஒருத்தன் மங்களூர், கேப்டன் பெங்களூர். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் நேரில் பார்த்ததில்லை. மரக்காணத்துப் பையன்தான் அந்த டீமில் நன்றாகக் குறி பார்க்கிறவன் என்று பேர் வாங்கினான். நான்கூடக் கடையில் வேலை இல்லாத நேரத்தில் போனில் அவன் ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். யார் கண் பட்டதோ என்று சொல்வார்களே, அப்படி ஐப்பசி பிறந்ததும் தொல்லை ஆரம்பித்தது.

ஆடிக்கொண்டே இருக்கும்போது மெஷின் பட்டென்று அணைந்துவிடும். ஒரு எச்சரிக்கை கிடையாது, ஒரு எழுத்து கிடையாது. விளக்கு போகும், ஃபேன் நிற்கும். திரும்பப் போட்டால் சில சமயம் வரும், சில சமயம் மறுநாள்தான் வரும். பழைய புடவையில் சுற்றி, பைக்கில் அம்மா பின்னால் பிடித்துக்கொள்ள, மகன் என் கடைக்குக் கொண்டுவந்தான். பெஞ்சில் வைத்துப் போட்டேன். அமைதியாக ஓடியது. மெஷினைத் திணறடிக்கிற டெஸ்டைப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்தேன். அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். சிப் சூடாகாமலிருக்கப் புது தெர்மல் பேஸ்ட் வைத்தேன். எடுத்துப்போனார்கள். அடுத்த வாரமே திரும்ப வந்தார்கள்.

பிறந்த வீட்டில் சாது, புகுந்த வீட்டில் பேய். என் பிழைப்பில் இதைவிட மோசமான கோளாறு கிடையாது. வீட்டுக்காரன் நம்மைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்ப்பான். மெஷினில் குறை இல்லையென்றால் வீட்டில்தான் குறை என்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். பிளக்கை மாற்றினேன். எர்த்து சரியில்லை என்று கொல்லையில் புதிதாகக் குழி தோண்டிப் போட்டுக் கொடுத்தேன். யுபிஎஸ் வைத்தேன். கடல் காற்று வருகிறது என்று ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தேன். அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"ஆட்டம் நடக்கிறப்ப மிக்ஸி போடுறீங்களா?"

"இல்லப்பா. அம்மியிலதான் அரைக்கிறேன், அதுக்காகவே."

"தண்ணி கிண்ணி பட்டுச்சா?"

"அந்தப் பக்கம் சொம்புகூட எடுத்துனு போறதில்ல."

"சாம்பிராணி?"

"அவன் வேணாம்னு சொல்லிட்டான். விட்டுட்டேன்."

எல்லாம் உண்மை. பாவம், அந்த அறையில் சத்தமாக இருமக்கூட மாட்டார். மகன் ஆட உட்கார்ந்தால் இவர் வாசலில் முட்டிபோட்டு உட்கார்ந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருப்பார். விவரம் ஒன்றும் புரியாவிட்டாலும் மெஷின் அணைந்தால் மகன் போய்விடுவான் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். கேப்டன் பையன் போனில் ஸ்பீக்கரில் கத்தியதை அவரும் கேட்டிருக்கிறார். நடு ஆட்டத்தில் இன்னொரு தரம் காணாமல் போனால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று அவன் சொல்லிவிட்டான். ரியாத் வேலைக்குப் பாய் அந்த மாசக் கடைசிவரை இடம் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

மூன்றாம் முறை வந்தபோது கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். பவர் சப்ளையிலிருந்து வரும் கனெக்டர்களின் பின்னில் லேசாகப் பச்சை பூத்திருந்தது. அடித் தகட்டில், அந்தக் காலிக் கூண்டைச் சுற்றி, வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. வெளியூர் மெக்கானிக்காக இருந்தால் அந்த இடத்திலேயே நின்றிருப்பான். "இதென்ன, உப்பு எப்படி இதற்குள் வந்தது?" என்று கேட்டிருப்பான். நான் மரக்காணத்தான். எங்கள் ஊரில் எதில் உப்பு இல்லை? ஜன்னல் கம்பியில் உப்பு, பைக் செயினில் உப்பு, காயப்போட்ட சட்டையில் உப்பு. முழுப் பூசணிக்காய் சோற்றில் கிடந்தது, நான் சோற்றை மட்டும் பார்த்தேன். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன், ப்ரஷ்ஷால் தட்டிவிட்டேன். என் கடையில் இருந்த புது பவர் சப்ளையையே போட்டுக் கொடுத்தேன்.

"இனிமே அணைஞ்சா நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்டா" என்றேன் சரத்குமாரிடம்.

"அப்படியெல்லாம் சொல்லாதண்ணா" என்றான். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசித் தகுதிச்சுற்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அதற்கு முன்னால் தொடர்ந்து மழை. உப்பளமெல்லாம் தண்ணீர் கட்டி, குவித்த உப்பு அம்பாரத்தின் மேல் போட்ட கீற்று கறுத்துப்போய்க் கிடந்தது. நான் கடையைப் பாதி சாத்திவிட்டுப் போனில் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரத்குமார் டீம் முன்னால் இருந்தது. அவன் ஒரு சுவருக்குப் பின்னால் பதுங்கிக் குறி பார்த்துக்கொண்டிருந்தான். அப்படியே நின்றான். எதிராளி சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தான். அப்போதும் நின்றான். சுட்டுத் தள்ளிவிட்டு எதிராளி போய்விட்டான். திரையில் அவன் பேருக்குப் பக்கத்தில் தொடர்பு இல்லை என்று வந்தது. போன் பண்ணினேன். அவன் எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மழைக்காலத்தில் உப்பள வேலை இல்லாததால் அக்கா சவுக்குத் தோப்பில் விறகு கட்டும் வேலைக்குப் போயிருந்தார். சரத்குமார் மட்டும் இருந்தான். டீமிலிருந்து அவனை எடுத்துவிட்டார்கள். ராத்திரியே பாய்க்குப் போன் பண்ணி வருகிறேன் என்று சொல்லிவிட்டானாம்.

"விடுண்ணா. இனிமே எதுக்கு அத தொறக்கறே?"

"எனக்குத் தெரியணும்டா" என்றேன். உண்மையும் அதுதான். அவன் வேலை போனதைவிட, என் கண்ணுக்குத் தப்பின கோளாறு எது என்பதுதான் அந்த நிமிஷம் எனக்கு முக்கியமாக இருந்தது. பிழைப்பு அப்படி ஆக்கிவிடுகிறது.

அதுவரை அந்த மெஷினை என் பெஞ்சில் வைத்துத்தான் திறந்திருக்கிறேன். அவர்கள் வீட்டில் வைத்து நான் திறந்தது அன்றைக்குத்தான். தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தேன். காலிக் கூண்டு காலியாக இல்லை. மஞ்சள் துணியில் கட்டின ஒரு சின்ன மூட்டை உள்ளே உட்கார்ந்திருந்தது. எடுத்தேன். சொதசொதவென்று நனைந்திருந்தது. அடியிலிருந்து ஒரு சொட்டு திரண்டு, பவர் சப்ளை கனெக்டரின் மேல் என் கண் முன்னாலேயே விழுந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் வைத்துப் பார்த்தேன்.

சரத்குமார் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

"மொத உப்புண்ணா" என்றான்.

முருகையன் அண்ணன் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாசியில் பாத்தியில் விளைகிற முதல் உப்பில் ஒரு பிடி எடுத்து, மஞ்சள் துணியில் கட்டி, சாமி மாடத்தில் வைப்பார்கள். அது வீட்டுக்குக் காவல். அடுத்த வருஷ முதல் உப்பு வரும்வரை அது வாசற்படி தாண்டக் கூடாது. அக்கா அதைச் சாமி மாடத்திலிருந்து எடுத்து, மகனைக் கட்டிப்போடப் போகிற அந்தப் புது வீட்டின் காலி ரூமில் வைத்துவிட்டார். அது இருந்தால் மெஷின் அணையாமல் ஓடும், மெஷின் ஓடினால் மகன் வீட்டில் இருப்பான் என்பது அவர் கணக்கு.

என் கடைக்கு வந்தபோதெல்லாம் அது ஏன் என் கண்ணில் படவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. வாசற்படி தாண்டக் கூடாதே. ஒவ்வொரு தரமும் மகனைக் கயிறு எடுத்துவர அனுப்பிவிட்டு, மூட்டையை எடுத்து மாடத்தில் வைத்துவிட்டுத்தான் மெஷினைப் புடவையில் சுற்றியிருக்கிறார். என் ஏசி அறையில் ஈரம் காய்ந்து மெஷின் சாதுவாகிவிடும். வீட்டுக்குப் போனதும் காவல் மறுபடி உள்ளே போய்விடும். வெயில் அடித்தவரை உப்பு சும்மா கிடந்தது. மழைக்காற்று வந்ததும் கசிய ஆரம்பித்தது.

எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. "உங்கம்மாவுக்கு அறிவிருக்காடா? நாளெல்லாம் உப்புல நிக்கிறவங்க..." என்று ஆரம்பித்தேன்.

"ண்ணா" என்றான் அவன். அவ்வளவுதான் சொன்னான்.

மூட்டையைக் கையால் அழுத்தித் தண்ணீரைப் பிழிந்தான். அடுப்படியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவர் எடுத்துவந்து, அதில் போட்டு முடிச்சுப் போட்டான். நான் கனெக்டர்களைத் துடைத்து முடித்ததும், கவரோடு அதை அதே கூண்டில் வைத்துத் தகட்டை மூடினான்.

"அம்மாகிட்ட சொல்லாதண்ணா. பவர் சப்ளைதான் போச்சுன்னு சொல்லு."

"கோளாறுதான் தெரிஞ்சிடிச்சே, நீ போவ வேணாம்டா. வேற டீம் கெடைக்காதா?"

"நான் சொல்லிட்டேன்ணா பாய்கிட்ட. டிக்கெட்டு போடறாங்க." தகட்டின் திருகை இறுக்கிக்கொண்டே, "அப்பா போனப்பவே அம்மா அழுவல. இதையும் தெரிஞ்சிக்கினு என்னா பண்ணும்?" என்றான்.

கார்த்திகை மாசம் அவன் ரியாத் போனான். கோட்டக்குப்பத்திலிருந்து வண்டி வந்தது. கிளம்பும்போது அக்கா உள்ளே போய், மெஷினைத் திறந்து, அந்த மூட்டையை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தார். வாசற்படி தாண்டக் கூடாத உப்பு. "வீட்டுக்கு இனிமே எதுக்கு? உன்கூட போவட்டும்" என்றார். அவன் கை நீட்டி வாங்கிப் பையில் துணிமணிக்கு நடுவில் வைத்துக்கொண்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவனைப் பார்க்காமல், பெட்டியை வண்டியில் ஏற்றுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். அக்கா அழவில்லை. வண்டி திரும்பியதும் சட்டி கழுவப் போய்விட்டார்.

தை கடைசியில் அவரே போன் பண்ணினார். மெஷினை விற்றுவிடச் சொல்லி மகன் சொல்கிறான், வந்து பார் என்றார். பெரிய முதலியார்சாவடியில் வீடியோ எடிட்டிங் செய்கிற ஒருத்தர் கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலமாகப் போனேன். அறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கலர் விளக்கெல்லாம் எரிய, எதிரே தரையில் அக்கா உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"தெனம் போடுவீங்களா?" என்றேன்.

"வெளக்கு வைக்கிறப்ப இதையும் போடுவேன். அவன் ரூமு இருட்டா கெடக்க வேணாம்னு." முறத்தைத் தட்டிவிட்டு, "வாங்கறவங்ககிட்ட என்னா சொல்லுவ தம்பி? அணைஞ்சி போவும்னு சொல்லிடு. ஏமாத்தக் கூடாது" என்றார்.

"அணையாதுக்கா."

"எப்படி சொல்ற?"

மாட்டிக்கொண்டேன். பவர் சப்ளையை மாற்றிவிட்டேன் என்று ஏதோ சொன்னேன்.

"அத ஆட்டத்துக்கு முன்னாலயே மாத்திட்டியே." அரிசியிலிருந்து கல்லைப் பொறுக்கிக்கொண்டே பேசினார். "மார்கழியில அந்தப் புயல் மழ அடிச்சிது பாரு, ஊரே நனைஞ்சிது. இது ஒரு நாளு அணையல. அவன் போன அப்புறம் இது அணையவே இல்ல."

நான் மானிட்டர் வயரைக் கழற்றுவது போலக் குனிந்துகொண்டேன்.

"நான் அத மஞ்சத் துணியிலதான் கட்டி வெச்சேன். அவன் பையில வைக்கலாம்னு எடுக்கிறப்ப, கவர்ல இருந்துச்சி. முடிச்சி போட்டு. நான் கவர் போடல."

மெஷின் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல ஃபேன், நான்தான் வாங்கிப் போட்டேன்.

"நீ போட்டியா?"

"இல்லக்கா."

"அப்ப அவன்தான்." முறத்தைக் கீழே வைத்தார். "உப்பளத்துல இரும்பு மம்முட்டிய ஒரு ராத்திரி விட்டுட்டு வர மாட்டோம். அரிச்சிடும். உப்பு வார்றதுக்கு மரப்பலகைதான். சின்னப் புள்ளைக்கும் தெரியும். இது வெளிய பாத்தா கண்ணாடி, பிளாஸ்டிக்கி. உள்ள இரும்பு இருக்குதுன்னு எனக்குத் தோணல. நான்தானே தம்பி?"

எத்தனையோ பேர் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அவ்வளவு பொய்யில் ஒன்றாவது அன்றைக்கு என் வாயில் வந்திருக்கலாம். வரவில்லை. "ஆமாங்க்கா" என்றேன்.

அவர் தலையாட்டினார். கண்ணில் ஒன்றும் இல்லை. விளக்கு சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறி அவர் முகத்தில் விழுந்தது, மறுபடி சிவப்பானது.

"தெரிஞ்சும் கை நீட்டி வாங்கிக்கினான்" என்றார்.

அழ வேண்டியவர் அழாமல் இருக்க, வயர் பிடுங்க வந்தவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். அவர் எழுந்து, என்னைத் தாண்டிக் கையை நீட்டி, பட்டனை அழுத்தினார். விளக்குகள் போயின. போடவோ அணைக்கவோ நான் சொல்லிக் கொடுத்ததில்லை. மகன் செய்வதைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

"ரியாத்துல மழையே பெய்யாதாமே?"

"ரொம்பக் கம்மிக்கா. வெறும் காஞ்ச காத்து."

"அப்ப அங்க அது கசியாது" என்றார்.

சொல்லிவிட்டு, மெஷினைச் சுற்றிக் கட்டுவதற்குப் பழைய புடவை எடுத்துவர உள்ளே போனார்.